கண் விலகும் இடம்

கல்லூரி மாணவர்கள் எடுத்த பாட்டு வீடியோவைப் பார்த்து முடித்ததும் அரங்கில் எழும் கைதட்டலை வைத்துக்கொண்டு ஓர் எடிட்டரால் ஒரு ஃபிரேமைக்கூட நகர்த்த முடியாது. ‘செம’, ‘வேற லெவல்’, ‘மாஸ் பண்ணிட்டீங்கண்ணே’ என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் பாராட்டுகளும் அப்படித்தான். குறை சொல்லும் கருத்துகளாவது உதவுமா என்றால் அதுவும் அபூர்வம். ‘கிளைமாக்ஸை மாத்துங்க’, ‘ஹீரோயினுக்கு இன்னும் ரெண்டு ஷாட் வைங்க’, ‘கலர் கொஞ்சம் டல்லா இருக்கு’. மதுரையில் சிம்மக்கல், யானைக்கல் பக்கம் கல்யாண வீடியோவையும் கோயில் திருவிழாவையும் கல்லூரிப் புராஜெக்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும் எங்களைப் போன்றவர்களிடம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகள் கொண்டுவரும் கருத்துத் தாள்களில் இவைதான் நிறைந்திருக்கும். இதனால் பார்வையாளர் கருத்தே வீண் என்று சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் பார்வையாளருக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தன் மனம் எந்த இடத்தில் விலகியது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஏன் விலகியது என்பது அரைகுறையாகத் தெரியும். அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நம் மாணவர்களோ முதலாவதை விட்டுவிட்டு, கடைசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

‘இழுக்குது’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாட்டு வீடியோ பார்ப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான். ‘நடுவுல கொஞ்சம் இழுக்குதுண்ணே’ என்று ஒருவர் சொன்னால், மாணவர் நேரே டைம்லைனுக்குப் போய் அந்த இடத்து ஷாட்டுகளை நறுக்குவார். ஒன்றரை விநாடி ஷாட் முக்கால் விநாடியாகும். அப்படியும் இழுக்கும்; சில சமயம் முன்னைவிட அதிகமாகவே இழுக்கும். நான்கு நிமிடப் பாட்டின் இரண்டாவது நிமிடத்தில் தெரியும் சோர்வு பெரும்பாலும் முதல் நிமிடத்தில் உண்டானது. பல்லவி முதல்முறை வரும்போதே கையிருப்பில் இருந்த நல்ல ஷாட்டுகளையெல்லாம் கொட்டித் தீர்த்திருப்பார்கள்: ட்ரோன் ஷாட், யானைமலை, தெப்பக்குளத்து மைய மண்டபம், நாயக்கர் மகால் தூண்கள். பல்லவி திரும்பி வரும்போது காட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. இன்னொரு வகை, தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட் வைத்துக்கொண்டே போவது. கண் அந்த ஒழுங்கைப் பத்து விநாடிக்குள் கற்றுக்கொண்டுவிடும். அடுத்த கட் எப்போது என்று தெரிந்துவிட்டபின் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் சலிப்புதான் வரும். மூன்றாவது வகையில் வேகத்துக்கே சம்பந்தமில்லை. பாட்டில் வரும் பையன் யாரைத் தேடி அலைகிறான் என்பது தொடக்கத்திலேயே பிடிபடவில்லை. பிடிபடாத ஒன்றை ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள். மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. வண்டியைக் கொண்டுவந்து விடுபவர் ‘மூணாவது கியர் போட்டா சத்தம் வருது, செயினை மாத்திடுங்க’ என்கிறார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்பவர்தான் நல்ல மெக்கானிக்.

‘வாயசைப்பு ஒட்டல’ என்ற புகார் இன்னும் நுட்பமானது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடி. ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலோ, சுமார் 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர்கள் அதை உணரத் தொடங்குகிறார்கள் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் உள்ள அளவு. அதாவது பாட்டு இரண்டு ஃபிரேம் முந்திவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று ஃபிரேம் பிந்தினால் தப்பித்துவிடலாம். தெருக்கோடியில் வாசிக்கும் தவிலில் குச்சி விழுந்த பிறகுதான் சத்தம் நம்மிடம் வந்து சேர்கிறது. பிந்தி வரும் ஒலிக்குக் காது பழகியிருக்கிறது, முந்தி வரும் ஒலிக்குப் பழகவில்லை. இந்தக் கணக்கெல்லாம் பார்வையாளருக்கு எதற்கு? ‘என்னமோ ஒட்டல’ என்று அவர் சொல்வதே போதும். அதற்குமேல் எடிட்டர்தான் தேட வேண்டும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், செல்போன் கேமரா ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளாமல் பதிவு செய்திருக்க வாய்ப்பு அதிகம். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவில் விலகியிருந்தால், டைம்லைனில் பாட்டை வைத்த இடமே தவறு. சில ஷாட்டுகளில் மட்டும் விலகினால், படப்பிடிப்பில் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, அது தாமதமாகக் காதில் விழுந்ததற்கு ஏற்ப நடிகர் வாயசைத்திருக்கலாம். ஒருவருக்கு மட்டும் ஒட்டவில்லை, மற்றவர்களுக்கு ஒட்டுகிறது என்றால் அவர் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனைச் சந்தேகப்பட வேண்டும். ஒரே புகாருக்கு நான்கு காரணங்கள், நான்கு வெவ்வேறு வேலைகள். ‘லிப் சிங்க்கை சரிபண்ணுங்க’ என்று தாளில் எழுதித் தந்தவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை.

காரணம் சொல்வதில் மனிதர்கள் எவ்வளவு தடுமாறுவார்கள் என்பதற்கு உளவியலில் பேர்போன சான்று ஒன்று உண்டு. ரிச்சர்ட் நிஸ்பெட், டிமதி வில்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட கட்டுரை அது. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. வலது ஓரத்தில் இருந்ததைத்தான் மிகப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவையும் மென்மையையும் காரணமாகச் சொன்னார்களே தவிர, வைத்திருந்த இடம் தங்களை இழுத்தது என்று யாரும் தாமாகச் சொல்லவில்லை. பாட்டு வீடியோவுக்குக் கருத்துத் தாள் நிரப்புபவரும் இந்த நிலையில்தான் இருக்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கிடையாது. காரணம் கேட்டுவிட்டோம், அவர் மரியாதைக்கு ஒன்றைத் தேடிப்பிடித்துத் தருகிறார். கண்ணில் சட்டென்று படுவது கலர் என்பதால் கலர் மேல் பழி விழுகிறது. அதோடு நம் ஊரில் முகதாட்சண்யம் வேறு. வகுப்புத் தோழனின் படத்தைப் பார்த்துவிட்டு, அவன் எதிரே நிற்கும்போது ‘எனக்கு ஒண்ணுமே புரியலடா’ என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

வானொலி ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பால் லாசர்ஸ்ஃபெல்டும் சிபிஎஸ் நிறுவனத்து ஃபிராங்க் ஸ்டான்டனும் 1930-களின் பிற்பகுதியில் உருவாக்கிய கருவியில், நேயர் ஒரு கையில் பச்சைப் பொத்தானையும் மறு கையில் சிவப்புப் பொத்தானையும் வைத்துக்கொண்டு நிகழ்ச்சியைக் கேட்பார். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு, இரண்டும் இல்லையென்றால் சும்மா இருக்கலாம். எந்த நொடியில் எதை அழுத்தினார் என்பது ஓடும் தாளில் பதிவாகிவிடும். 1941-இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்தச் சோதனையைப் பார்க்கப் போனார். பொத்தான் பதிவு அவரைக் கவர்ந்தது; பிறகு நேயர்களிடம் பேட்டி எடுத்த விதம் பிடிக்கவில்லை, கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்கிறார்கள் என்பது அவருடைய குறை. மெர்ட்டனும் பட்ரீஷியா கெண்டாலும் 1946-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தவைதான் இன்று விளம்பர நிறுவனங்கள் நடத்தும் குழுப் பேட்டிகள். வியாபாரிகள் கையில் அது என்ன ஆனது என்பது வேறு கதை. எடிட்டருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசைமுறை: முதலில் இடத்தைக் குறி, பிறகு அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக்காட்டி ‘இங்கே என்ன நடந்தது உங்களுக்கு?’ என்று கேள், பதிலை நீ எடுத்துக்கொடுக்காதே.

பொத்தானும் தாளும் இல்லாமலே பார்வையாளரைப் படிக்கும் வித்தை மதுரைக்குப் புதிதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையைத் தொடங்கிய ஊர் இது. அவர் எழுதிய நாடகங்களை ஆடும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு இன்றும் மதுரை ஒரு தலைமையிடம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டு, ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தர்க்கக் காட்சி எவ்வளவு நேரம் போகும் என்பது எந்தத் தாளிலும் இருக்காது. பாயில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தால் தர்க்கம் நீளும். படுக்க ஆரம்பித்தால் ஆர்மோனியக்காரருக்கு ஒரு பார்வை போகும், அடுத்த பாட்டு வந்துவிடும். பின்னால் நிற்கும் இளவட்டங்கள் நகர்வது, ரூபாய் நோட்டோடு ஒருவர் மேடையேறுவது எல்லாமே செய்தி. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா காலத்தில் அரங்கிலிருந்து எழுந்த ‘ஒன்ஸ்மோர்’ எந்தப் பாட்டு பிடித்தது என்பதை மட்டுமே சொன்னது. எந்தச் சங்கதியைக் கூட்டிப் பாடலாம் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. வாயால் சொல்லும் அபிப்பிராயத்தைவிட உடம்பு காட்டும் குறி நம்பகமானது என்பதை இந்த மேடை எத்தனையோ தலைமுறையாகக் கையாண்டு வருகிறது. விஸ்காம் மாணவர் செய்ய வேண்டியதும் இதுதான். ரஃப் கட்டைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்கக் கூடாது, முகங்களைப் பார்க்க வேண்டும். எந்த நிமிடம், எந்த விநாடியில் ஒருவர் போனை எடுத்தார், தன்னையறியாமல் தலையாட்டினார் என்பதை ஒருவர் குறித்துக்கொண்டால் போதும். ஐந்தாறு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்தாலே போதும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்பார்கள். எத்தனை விழுக்காட்டு மக்களுக்குப் பிடிக்கும் என்று கணிப்பதாக இருந்தால் அவர்கள் கேட்பது சரி. இங்கே தேடுவது கோளாறு இருக்கும் இடத்தை. ஒருவரையொருவர் அறியாத நான்கு பேரின் கண் ஒரே விநாடியில் விலகினால், அந்த விநாடியைத் திறந்து பார்க்க ஐந்தாவது சாட்சி தேவையில்லை.

ஆனால் மேடை உதாரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது. ஸ்பெஷல் நாடகத்தின் மீது நெடுங்காலமாக ஒரு குற்றச்சாட்டு உண்டு: பபூனும் டான்ஸும் வரும் காட்சியில் இரட்டை அர்த்தப் பேச்சுக்குச் சிரிப்பு கூடக்கூட அந்தக் காட்சி நீண்டுகொண்டே போகிறது என்று. இது முழு நியாயமா என்பதைவிட, அதில் இருக்கும் ஆபத்து உண்மையானது. கூட்டத்தின் மிக உரத்த சத்தத்தை மட்டும் பின்பற்றிப் போனால் வேலை தன் இலக்கை விட்டு வேறெங்கோ போய்விடும். கலையைக் கூட்டத்திடம் ஒப்படைத்தால் அது செத்துப்போகும் என்று வாதிடுபவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’. 1942 மார்ச் 17-ஆம் தேதி கலிபோர்னியாவின் பொமோனா நகரில் அதை முன்னோட்டமாகப் போட்டார்கள். வந்த கருத்து அட்டைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பாதகமானவை; படம் ஓடும்போதே சிரித்தார்கள், எழுந்து போனார்கள். வெல்ஸ் அப்போது பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். படத்தைத் தயாரித்த ஆர்கேஓ நிறுவனம் மிரண்டுபோய் நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டியது, முடிவை வேறாக எடுத்து ஒட்டியது, வெட்டிய பகுதிகளைப் பிறகு அழித்தேவிட்டது. எடிட்டிங் மேசையில் இருந்த ராபர்ட் வைஸ் பின்னாளில் பெரிய இயக்குநரானார். அந்தப் படம் மட்டும் முழுசாகத் திரும்பி வரவேயில்லை.

இந்தச் சான்றை மறுப்பதற்கில்லை. எதற்கான சான்று என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. பொமோனாவில் அன்று அதற்கு முன் ஓடியது ‘தி ஃபிளீட்ஸ் இன்’ என்ற ஆட்டமும் பாட்டுமான கப்பற்படைப் படம். அமெரிக்கா போரில் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கும்மாளத்துக்கு வந்த இளைஞர் கூட்டத்தின் முன், ஒரு பழைய குடும்பம் அழிவதைச் சொல்லும் கனமான படத்தை ஓடவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பாசடினா நகரில் போட்டபோது வரவேற்பு பரவாயில்லை. பொமோனா அட்டைகளிலேயே உயர்வான பாராட்டுகளும் இருந்தன. இவ்வளவும் கையில் இருந்தும், ‘எங்கே சிரித்தார்கள்’ என்று பார்ப்பதை விட்டுவிட்டு ‘எப்படியாவது பிடிக்கவைக்க வேண்டும்’ என்று இறங்கியதுதான் படத்தைச் சிதைத்தது. இதற்கு நேரெதிரான கதை பில்லி வைல்டரின் ‘சன்செட் பொலிவார்ட்’. பிணவறையில் கிடக்கும் பிணங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாக அந்தப் படத்தின் தொடக்கம் இருந்தது. இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் முன்னோட்டம் போட்டபோது மக்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். வைல்டர் அந்தக் காட்சியைத் தூக்கினார். ஆனால் இறந்தவனே கதை சொல்கிறான் என்ற கருவை விடவில்லை. நீச்சல் குளத்தில் மிதக்கும் உடலிலிருந்து தொடங்கினார், 1950-இல் படம் வந்தது. கூட்டம் காட்டியது ஓர் இடத்தை. அதற்கு மருந்து இயக்குநர் கையிலிருந்து வந்தது.

‘இதெல்லாம் பழைய காலத்துப் பாடு, இப்போதுதான் யூடியூபே எல்லாவற்றையும் அளந்து தந்துவிடுகிறதே’ என்பது மாணவர்களின் அடுத்த வாதம். ஒவ்வொரு நொடியிலும் எத்தனை விழுக்காட்டினர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் உண்மையிலேயே அருமையான கருவி. லாசர்ஸ்ஃபெல்டுக்கு அது கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார். ஆனால் இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது என்ற பொத்தானின் குறை அதற்கும் உண்டு. கோடு ஓரிடத்தில் மேலே எழுந்தால் அந்த இடத்தைப் பலர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். வரி பிடித்துப்போய்த் திரும்பப் போட்டார்களா, வரி காதில் விழாமல் திரும்பப் போட்டார்களா என்பதைக் கோடு சொல்லாது. இரண்டாவதுதான் நடந்தது என்றால், எடிட்டர் சந்தோஷப்படும் இடத்தில் சவுண்ட் மிக்ஸ் தோற்றிருக்கிறது. நம் பிள்ளைகளின் பாட்டுகளில் இது சகஜம். மெய்யெழுத்துகளின் தெளிவு பெருமளவு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. பறையில் குச்சி விழும் வெட்டொலியும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். ஸ்டுடியோ ஹெட்போனில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். சிம்மக்கல் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே, அடித்தொனியே சரியாக வராத செல்போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அடி மட்டும் கேட்கும், வார்த்தை போய்விடும். அந்த அலைவரிசையில் பறையைக் கொஞ்சம் தாழ்த்திக் குரலுக்கு வழிவிட வேண்டும் என்பதை எந்த வரைபடமும் சொல்லித் தராது. அமைதியான லேபில் அமர்ந்து கேட்ட வகுப்புத் தோழரும் சொல்ல மாட்டார். ஒத்திகையிலேயே வரிகள் அவருக்கு மனப்பாடமாகியிருக்கும். லைக், வியூஸ் எண்ணிக்கைகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் மாணவர் வீடியோவில் அவை பெரும்பாலும் காட்டுகின்றன.

யாரைக் கேட்பது என்பது அந்த வீடியோ எதற்காக எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2015 ஜூலை இறுதியில் வெளியான ‘கொடைக்கானல் வோன்ட்’ வீடியோவை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டுவது நல்லது. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பற்றி, நிக்கி மினாஜின் ஒரு மெட்டில் சோஃபியா அஷ்ரஃப் ராப் பாடியது அது. மினாஜே அதைப் பகிர்ந்தார். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறியது. ஆனால் பார்த்தவர் மனுவில் கையெழுத்திட வேண்டும், நிறுவனத்துக்கு நெருக்கடி கூட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பின்னால் தொழிலாளர்களின் நீண்ட போராட்டமும் வழக்கும் இருந்தன. ஒரு பாட்டால் மட்டும் நடந்ததில்லை. என்றாலும், ‘பீட் சூப்பர்’ என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போனவரின் பாராட்டு அந்தக் குழுவுக்குத் தோல்விக் குறிதான். நோக்கம் எழுதப்படாத வீடியோவுக்குக் கருத்துக் கேட்பதில் அர்த்தமே இல்லை. எந்தப் பதில் வந்தாலும் அதைப் பொருத்திப் பார்க்க அளவுகோல் இருக்காது.

இங்கே ஒரு கடினமான எதிர்வாதம் இருக்கிறது. எடுப்பவர் நினைத்ததைத்தான் பார்ப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்? பர்மிங்ஹாம் பண்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஹால் 1973-லேயே, ஒரே நிகழ்ச்சியை மக்கள் மூன்று நிலையில் வாசிக்கலாம் என்று எழுதினார்: சொன்னபடி ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி தன் வாழ்க்கைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது, நேர்மாறாக எடுத்துக்கொள்வது. அப்படியானால் தவறான புரிதல் என்ற ஒன்றே கிடையாதே என்று கேட்கலாம். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை உலகம் முழுக்கப் பலர் துள்ளலான ஆட்டப் பாட்டாகவே கொண்டாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பியவர்களின் வரலாறு அதில் இருப்பதை நம் ஊரில் பலர் கேட்டார்கள். இரண்டும் செல்லுபடியாகும் வாசிப்புகளே. இதே பாட்டைச் சுற்றி வேறு வகைக் கருத்தும் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் உடன் பாடிய தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்து, பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லாதபோது இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அறிவை வைத்து டிஜிட்டல் அட்டை வெளிவந்தது. ஷாட்டைப் பற்றியோ இசையைப் பற்றியோ அல்லாமல், யார் பெயர் எங்கே என்பதைப் பற்றி எழுந்த குரல் அது. மாணவர் வீடியோவின் கடைசியில் இரண்டு விநாடியில் ஓடி மறையும் பெயர்ப் பட்டியலுக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஆனால் வாசிப்பு பலவாக இருக்கலாம் என்பதை, எப்படி வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாத ஊர் இது. தென்மாவட்டங்களில் கையில் கட்டும் வண்ணக் கயிறு எதைக் குறிக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஒரு மாணவர், இரண்டு நிறங்கள் சேர்ந்தால் கிரேடிங்கில் எடுப்பாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக நாயகன் கையிலோ துண்டிலோ அவற்றை வைத்திருக்கலாம். வேட்டி, காளை, அரிவாளை எல்லாம் சினிமாவில் பார்த்த பழக்கத்தில் வைத்திருக்கலாம். பார்ப்பவர் அதைச் சாதிப் பெருமிதமாகவோ சாதி மிரட்டலாகவோ எடுத்துக்கொண்டால், ‘நாங்க அப்படி நெனைக்கல சார்’ என்ற பதில் எடுபடாது. ரஃப் கட்டில் ஒரே ஒருவர் முகம் சுளித்தாலும் அதைச் சிறுபான்மைக் கருத்து என்று ஒதுக்கக் கூடாத இடம் இது. மற்ற இடங்களில் நான்கு பேர் கண் விலக வேண்டும் என்றேன். இங்கே ஒருவர் போதும். எண்ணிக்கையைவிட, அவருக்கு மட்டும் தெரிந்தது என்ன என்பதுதான் கேள்வி.

கடைசியாக, ‘இது வெறும் இன்டர்னல் மார்க்குக்கான வேலை, இவ்வளவு பாடு எதற்கு’ என்பவர்கள். இங்கிலாந்தின் ஓசிஆர் தேர்வு வாரியம் பள்ளி மேல்நிலை ஊடகப் பாடத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்த நான்கு மதிப்பீட்டுக் கேள்விகளில் ஒன்று, பார்வையாளர் கருத்திலிருந்து என்ன கற்றாய் என்பது. பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்ட அந்த வாரியத்தைப் பாராட்டலாம். ஆனால் கேள்வி வேலை முடிந்தபின் வந்ததால், வட்ட வரைபடம் போட்டு ‘80 சதவீதத்தினருக்குப் பிடித்தது’ என்று எழுதி முடிப்பதற்கும் அது இடம் கொடுத்தது. நம் கல்லூரிகளில் ரெக்கார்டு எழுதும்போது நடப்பதும் இதுதான். எக்ஸ்போர்ட் ஆகி, பென்டிரைவில் ஏறி, வைவாவுக்கு முந்தின நாள் கூகுள் ஃபார்ம் அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் வரும் எந்தக் கருத்தாலும் ஒரு கட்கூட மாறாது. ரஃப் கட் தயாரானதும் ஒருமுறை, திருத்தியபின் முதல் காட்சியைப் பார்க்காத புதிய ஆட்களோடு இன்னொருமுறை என்று போட்டுக்காட்டி, இரண்டு வெர்ஷனையும் அழிக்காமல் வைத்திருந்து, எந்த விநாடியில் எதைக் கண்டு எதை மாற்றினோம் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். எந்தக் குறிப்பை ஏற்கவில்லை, ஏன் என்பதும் அதில் இருக்க வேண்டும். ‘ஹீரோயினுக்கு இன்னும் ரெண்டு ஷாட்’ கேட்ட ஏழு பேரின் பேச்சைத் தட்டிவிட்டு, அவர்கள் கண் விலகிய 1:42-இல் பாட்டியின் கையைக் காட்டும் ஷாட்டை நான்கு விநாடி நீட்டிய மாணவர் அதற்குக் காரணம் எழுதியிருந்தால், மதிப்பெண் போடுபவர் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அது.